கலைவாணர் வாழ்வு காட்டும் நெறி

தமிழ் மக்களைச் சிரிக்க வைத்தவர் பலர் உளர். சிரித்த பின் சிந்திக்கவும் வைத்தவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். அவர் 1908ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் சுடலைமுத்துப் பிள்ளைக்கும் இசக்கியம்மாளுக்கும் மகனாகத் தோன்றினார். அந்நாளில் நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. கும்பளங்கித் தமிழராகிய நமக்கு அவர் அயலார் அல்லர்.

வறுமையினால் அவருடைய பள்ளிப்படிப்பு இளமையிலேயே நின்றது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற அச்சிறுவர், டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் இடம்பெற்று நடிப்புக் கற்றார். வில்லுப்பாட்டிலும் வல்லவரானார். 1936இல் ‘சதி லீலாவதி’ திரைக்கு வந்தது. அதன்பின் டி. ஏ. மதுரத்துடன் இணைந்து அவர் நடித்த நகைச்சுவைக் காட்சிகளுக்காகவே மக்கள் படம் பார்க்கச் சென்றனர்.

புகழின் உச்சியில் இடி விழுந்தது. ‘சினிமா தூது’, ‘இந்து நேசன்’ என்னும் ஏடுகளை நடத்திய இலட்சுமிகாந்தன், நடிகர்களின் சொந்த வாழ்வைப் பற்றி எழுதியே வாசகரைச் சேர்த்தவர். 1944 நவம்பர் 8ஆம் நாள் சென்னை வேப்பேரியில் அவர் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் மாண்டார். எழுத்து எத்தகையதாயினும் கொலை கொடுமையே. அவ்வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைதாயினர். 1945இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்ற மேல்முறையீடும் பயன் தரவில்லை. பின்னர் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குச் சென்று, மீண்டும் விசாரிக்கப்பெற்று, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையாயினர். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறை அவர்களை விழுங்கியது.

அக்காலத்தில் மதுரம் அம்மையார் மனந்தளராது நாடகக் குழுவைக் காத்தார். வழக்குக்கும் பொருள் தேடினார். வெளிவந்த கலைவாணர் மீண்டும் தம் தொழிலையே பற்றினார். அறிஞர் அண்ணா கதை எழுதிய ‘நல்லதம்பி’ 1949இல் வெளிவந்தது. ‘மணமகள்’ (1951), ‘பணம்’ (1952) ஆகிய படங்களை அவரே இயக்கினார். ஒடுக்கப்பட்ட சிறுவன் கல்வியால் உயர்வதைச் சொல்லும் கிந்தனார் காலட்சேபம் இன்றும் நினைக்கத்தக்கது. ஈட்டிய பொருளை இல்லை என்னாது வழங்கியவர், 1957 ஆகஸ்ட் 30ஆம் நாள், ஐம்பது வயது நிறையாமலே மறைந்தார்.

பாகவதருக்கோ விடுதலைக்குப் பின் வந்த படங்கள் பழைய வெற்றியைத் தரவில்லை. அவர் 1959 நவம்பர் 1ஆம் நாள் காலமானார். நீதிமன்றம் விடுவித்த பிறகும் அவர் பெயரைச் சொன்னவுடன் பாட்டை மறந்து வழக்கைப் பேசுவோர் உண்டு. இது நேர்மையா என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பொதுவாழ்வினர் செய்த குற்றத்தை மறைக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. பதவியைப் பயன்படுத்திப் பிறரை வருத்தியவரைக் கேள்வி கேட்பது கடமை. ஆனால் துன்பம் வேறு, குற்றம் வேறு. ஒருவருக்கு நேர்ந்த நோயும் கடனும் குடும்பச் சிக்கலும் வழக்கும் அவர் செய்த பணியை அளக்கும் படி ஆகா. இலட்சுமிகாந்தனின் ஏட்டை அவர் ஒருவர் மட்டும் வளர்க்கவில்லை. காசு கொடுத்து வாங்கிப் படித்தவர்களும் வளர்த்தனர். இன்று அந்த ஏட்டின் வேலையை நம் கைப்பேசியே செய்கிறது.

இருப்புப்பாதை அலுவலகத்தில் ஓர் ஊழியர் மீது புகார் எழுந்தால் விசாரணை நடக்கும். குற்றமற்றவர் என முடிவானால் அவர் மீண்டும் தம் நாற்காலியில் அமர்வார். கோப்பு மூடப்படும், ஆனால் தேநீர்க்கடைப் பேச்சு மூடப்படுவதில்லை. பிறந்த மண்ணைவிட்டுச் சில குடும்பங்களாக ஒன்றிவாழும் நம்மிடையே அத்தகைய பேச்சு ஒருவரைத் தனிமைப்படுத்திவிடும்; அவர் மகளின் திருமணத்தையும் தடுத்துவிடும்.

கலைவாணரை வரவேற்ற தமிழ்மக்கள் அவருடைய தொழிலுக்கு மதிப்பளித்தனர். அந்தப் பெருந்தன்மையினாலேயே ‘நல்லதம்பி’ நமக்குக் கிடைத்தது. அப்பண்பை நம் இல்லங்களிலும் போற்றி, நம் பிள்ளைகளுக்கும் பழக்குவோமாக. வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!