சேப்பாக்கத்தின் ஒண்டுக்குடித்தனம்

மற்போரில் வல்லவன் என்னும் பொருள்படும் 'மாமல்லன்' என்ற பட்டத்தைத் தாங்கிய பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனால் பெயர் பெற்றது மாமல்லபுரம். ஒரு விளையாட்டு வீரனின் பெயரையே தன் பெயராகக் கொண்ட அந்தக் கடற்கரை ஊரில், 2022-ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடைபெற்றது. 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகள் தனியார் விடுதி ஒன்றின் அரங்குகளில் காய்களை நகர்த்தின. தொடக்க விழா சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நடந்தது. போட்டி முடிந்த மறுநாள் முதல் மாமல்லபுரம் அரங்குகளைப் பராமரிக்கும் சுமை அரசின் தலையில் விழவில்லை.

இப்போது சென்னையிலிருந்து மாமல்லபுரம் நோக்கி நீளும் பழைய மகாபலிபுரம் சாலையில், செம்மஞ்சேரியில், மாபெரும் விளையாட்டு நகரம் ஒன்றை அரசு திட்டமிட்டுள்ளது. செங்கல்பட்டு மாவட்டத்தின் மேலக்கோட்டையூரில் உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இயங்கி வருகிறது. இந்த வட்டாரம் விளையாட்டின் வட்டாரமாக வளர்வது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால், கட்டப்படும் அரங்குகளில் ஆண்டின் 365 நாள்களும் குடியிருக்கப் போவது யார்? வாடகை தரப்போவது யார்? இக்கேள்விகளுக்கு விடை தேடுவோர் எம்.ஏ. சிதம்பரத்தின் வாழ்க்கையை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நல்லது.

1918 அக்டோபர் 12 அன்று, செட்டிநாட்டு அரசர் அண்ணாமலைச் செட்டியாரின் இளைய மகனாகப் பிறந்தவர் சிதம்பரம். தந்தை 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவியவர். தமிழிசை இயக்கத்துக்குத் தோள் கொடுத்தவர். மூத்த சகோதரர் முத்தையா செட்டியார் நீதிக்கட்சி அரசியலில் புகழ்பெற்றவர். அத்தகைய வீட்டின் கடைசிப் பிள்ளைக்குச் செல்வத்தைக் காத்துக்கொண்டு வாழ்வதே போதுமானதாக இருந்திருக்கும். அவரோ தொழில் துறையைத் தேர்ந்தார். லாம்பிரெட்டா ஸ்கூட்டர்களைத் தயாரித்த நிறுவனம் அவர் கைக்கு வந்தது. 1950-களில் சென்னை மாநகரின் மேயராகவும் பொறுப்பேற்றார்.

அவருடைய தொழில் வாழ்வின் பெரும் சாதனை ஸ்பிக் உர நிறுவனம். 1969-இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனத்தின் தூத்துக்குடி ஆலை 1975-இல் உற்பத்திக்கு வந்தது. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் தனியாரும் முதலீட்டைப் பகிர்ந்துகொண்ட கூட்டுத்துறை முயற்சி அது. ஒரே நிறுவனத்துக்குள் அரசும் தனியாரும் எவ்வாறு சேர்ந்து வாழ்வது என்பதை அவர் அங்கே பழகினார். அதே கலையை இன்னோர் இடத்திலும் அவர் பழக வேண்டியிருந்தது. அந்த இடம் சேப்பாக்கம்.

சேப்பாக்கம் மைதானத்தின் நிலம் அரசுக்குச் சொந்தமானது. 1846-இல் தோன்றிய சென்னை கிரிக்கெட் மன்றம், ஆங்கிலேயர் காலம் தொட்டு அதன் குத்தகைதாரர். 1934-இல் அங்கு முதல் டெஸ்ட் ஆட்டமும், அதே ஆண்டில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமும் நடந்தன. 1952-இல் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைக் கண்டதும் அங்கேதான். ஆயினும், மாகாணத்தின் கிரிக்கெட்டை நடத்திய சங்கம் அந்த மைதானத்தில் விருந்தாளி, வீட்டுக்காரர் மன்றமே.

விருந்தாளிக்கும் வீட்டுக்காரருக்கும் ஒத்துப்போகவில்லை. 1956 ஜனவரி முதல் டெஸ்ட் ஆட்டங்கள் பெரியமேட்டு மாநகராட்சி விளையாட்டரங்குக்கு இடம்பெயர்ந்தன. நியூஸிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் குவித்த ஆட்டம் அங்கு நடந்ததுதான். 1965 வரை ஒன்பது டெஸ்ட் ஆட்டங்கள் அங்கே நடைபெற்றன. பின்னர் அவ்வரங்கு கிரிக்கெட்டைப் பிரிந்து, 1993-இல் கால்பந்துக்கும் தடகளத்துக்குமாகப் புதிதாக எழுப்பப்பட்டு, நேரு விளையாட்டரங்காக நிற்கிறது.

இந்த இடைக்காலத்தில், 1960 முதல் 1963 வரை, இந்திய கிரிக்கெட் வாரியத்தின் தலைவராக இருந்தார் சிதம்பரம். மாநிலச் சங்கத்தை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வழிநடத்தினார். பிணக்கு தீர்ந்து, 1967 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான ஆட்டத்தோடு டெஸ்ட் கிரிக்கெட் சேப்பாக்கத்துக்குத் திரும்பியது. விருந்தாளியாக இருந்த சங்கம் அங்கே குடித்தனக்காரராயிற்று. பழைய குடித்தனக்காரரான மன்றமும் வெளியேற்றப்படவில்லை. சென்னைவாசிகள் நன்கறிந்த ஒண்டுக்குடித்தனம் அங்கே உருவாயிற்று. காலப்போக்கில் கான்கிரீட் மாடங்கள் எழுந்தன; மைதானத்துக்குச் சிதம்பரத்தின் பெயரே சூட்டப்பட்டது. 1986-இல் ஆஸ்திரேலியாவுடன் சமனில் முடிந்த டெஸ்ட் ஆட்டமும், 1987 உலகக் கோப்பையில் ஒரே ஓட்டத்தில் கைநழுவிய ஆட்டமும் அவர் பெயர் தாங்கிய அந்த மண்ணில் நிகழ்ந்தவை.

செங்கல்பட்டில் பொருளியல் கற்பித்த ஆண்டுகளில், நிலைச்செலவு என்பதை விளக்க நான் சேப்பாக்கத்தையே எடுத்துக்காட்டுவேன். டெஸ்ட் ஆட்ட நாளன்று முதல் மின்சார ரயிலைப் பிடித்து, கையில் புளியோதரைப் பொட்டலத்துடன் போய்வந்த மாணவர்களுக்கு அது எளிதில் விளங்கியது. ஆட்டம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் புல்லுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், காவலுக்கு ஆள் வேண்டும், கட்டடம் தேயும். ஐ.பி.எல். அணி ஒன்றுக்குக் கூட, ஒரு பருவத்தில் சொந்த ஊரில் ஏழு லீக் ஆட்டங்கள்தாம். எஞ்சிய நாள்களின் செலவை அந்தச் சில நாள்களின் வருவாய் சுமக்க வேண்டும். இரண்டு குடித்தனங்கள் சேர்ந்தால் சுமை பாதியாகும். கூட்டுக் குடியிருப்பின் கவர்ச்சி இதுவே.

ஆனால், சுமை பாதியாகும் இடத்தில் பூசல் இரட்டிப்பாகவும் கூடும். அமெரிக்காவில் 1965-இல் ஹூஸ்டன் நகரின் ஆஸ்ட்ரோடோம் திறக்கப்பட்ட பின், பேஸ்பாலுக்கும் அமெரிக்கக் கால்பந்துக்கும் பொதுவான வட்ட வடிவ அரங்குகள் பல நகரங்களில் எழுந்தன. இரு ஆட்டங்களின் களமும் வேறு. பார்வையாளர் அமர வேண்டிய கோணமும் வேறு. எவருக்கும் முழுமையாகப் பொருந்தாத அவ்வரங்குகளுள் பெரும்பாலானவை ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டன. 1976-இல் திறக்கப்பட்ட சியாட்டிலின் கிங்டோம் 2000-ஆம் ஆண்டில் தகர்க்கப்பட்டது; அதற்காக வாங்கிய கடனோ 2015-இல்தான் தீர்ந்தது. இல்லாத கட்டடத்துக்குப் பதினைந்து ஆண்டுகள் மக்கள் வரி செலுத்தினர். மாறாக, நியூயார்க்கை அடுத்து 2010-இல் திறக்கப்பட்ட மெட்லைஃப் அரங்கில், ஒரே ஆட்டத்தை ஆடும் இரண்டு அணிகள் செலவைச் சமமாக ஏற்றுக் கட்டி, இன்றும் சேர்ந்து வாழ்கின்றன. கூட்டு தொடங்கும் முன்பே பங்கும் பொறுப்பும் அங்கே வரையறுக்கப்பட்டன.

1999 ஜனவரியில் பாகிஸ்தானிடம் இந்தியா 12 ஓட்டங்களில் தோற்றபோது, சேப்பாக்கத்தின் மக்கள் எழுந்து நின்று வென்றவர்களுக்குக் கைதட்டினர். ஓராண்டுக்குள், 2000 ஜனவரி 19 அன்று, சிதம்பரம் மறைந்தார். அப்போது அவர் மகன் ஏ.சி. முத்தையா இந்திய கிரிக்கெட் வாரியத்தின் தலைவராக இருந்தார்.

சிதம்பரத்தின் வாழ்வை வெறும் புகழுரையாக முடிப்பது நேர்மையாகாது. ஒரு பொது அமைப்பின் தலைமை பல பத்தாண்டுகள் ஒருவரிடமே தங்கியிருந்தது. செல்வந்தரின் சொல்லும் செல்வாக்கும் பல பூசல்களை ஆற்றியிருக்கலாம். ஆனால், சொல் சொன்னவரோடு போய்விடும். 2011 உலகக் கோப்பையை ஒட்டி எழுப்பப்பட்ட ஐ, ஜே, கே மாடங்களின் கதை அதற்குச் சான்று. அருகிலிருந்த மன்றத்தின் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் மாடங்களுக்கும் இடையே விதிப்படி இருக்க வேண்டிய இடைவெளி இல்லை. சுமார் 12,000 இருக்கைகள் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. அதன் விளைவாக 2019 ஐ.பி.எல். இறுதி ஆட்டம் சென்னையின் கையைவிட்டு ஹைதராபாதுக்குச் சென்றது. உடற்பயிற்சிக் கூடம் அகற்றப்பட்ட பின்னரே மாடங்களுக்கு விடிவு பிறந்தது. இரண்டு குடித்தனங்களுக்கு இடையிலான சில அடி நிலம் ஒரு நகரின் வருவாயைத் தடுத்து நிறுத்தியது.

செம்மஞ்சேரியிலும் செங்கல்பட்டுக் கடற்கரையிலும் அரங்குகளைத் திட்டமிடுவோர் வரைபடத்துக்கு முன்பே உடன்படிக்கையை எழுத வேண்டும். யாருக்கு எத்தனை நாள், பராமரிப்புச் செலவில் யாருக்கு எவ்வளவு பங்கு, நுழைவுச்சீட்டு, விளம்பர வருவாய் யாருக்கு, பிணக்கு வந்தால் தீர்ப்பவர் யார் என்பவை அதில் இருக்க வேண்டும். பள்ளிகளுக்கும் உள்ளூர் மீனவக் குப்பங்களின் பிள்ளைகளுக்கும் எத்தனை நாள் என்பதும் எழுதப்பட வேண்டும். அந்த உடன்படிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். ஏனெனில், நிலமும் கடனும் அவர்களுடையவை.

தனக்குச் சொந்தமில்லாத நிலத்தில், இன்னொரு குடித்தனத்தோடு சேர்ந்து, ஒரு நகரின் பெருமையை உருவாக்க முடியும் என்று காட்டியவர் சிதம்பரம். அடுத்த தலைமுறைக்கு அவரைப் போன்ற ஒருவர் வாய்ப்பார் என்று நம்பியிருப்பதைவிட, அவர் இல்லாமலும் நிற்கக்கூடிய உடன்படிக்கை ஒன்றை எழுதிவைப்பதே அவருக்கு நாம் செய்யும் நன்றி.