எட்மண்ட் ஹுஸ்ஸர்ல்

அறிஞர் ஒருவர் ஆயுள் முழுதும் எழுதிச் சேர்த்த ஏடுகள் அவருக்குப்பின் எவர் கையிற் சேரும் என்பது எக்காலத்தும் உள்ள கவலையாகும். ஐரோப்பியத் தத்துவ சாஸ்திரத்திற்குப் புதுவழி வகுத்த எட்மண்ட் ஹுஸ்ஸர்லின் ஏடுகள் அழியாது பிழைத்த வரலாறு, சர்வகலாசாலைகளில் ஆராய்ச்சி நிலையங்கள் எதன்பொருட்டு உள்ளன என்பதையும் விளக்கவல்லது.

இவர் 1859-ஆம் வருஷம் ஏப்ரல் 8-ஆம் தேதி, அந்நாளில் ஆஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த மொராவியா நாட்டில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தார். லைப்சிக், பெர்லின், வியன்னா நகரங்களிற் பயின்று, கணித சாஸ்திரத்தில் 1883-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் பிரென்டானோ என்னும் பேராசிரியரின் விரிவுரைகளைக் கேட்டமையால் இவர் மனம் தத்துவத்தின்பாற் சென்றது. 1886-ல் லூத்தரன் சபையில் ஞானஸ்நானம் பெற்றார். ஹாலே நகரில் 1887 முதல் கற்பித்து, 1901-ல் கட்டிங்கனுக்கும், 1916-ல் பிரைபர்க் சர்வகலாசாலைக்கும் சென்றார்.

இவர் நிறுவிய துறை பினாமினாலஜி எனப்படும். தமிழில் தோற்றவியல் என்னலாம். நாம் ஒரு மரத்தைக் காணுங்கால் அதன் ஒரு புறமே கண்ணுக்குப் புலனாகின்றது. எனினும் காணாத மறுபுறமும் உளதென்றே கொள்கின்றோம். அது எங்ஙனம்? பொருள் உண்மையில் உளதோ என்னும் வினாவைச் சற்றே ஒதுக்கிவைத்து, அது நம் உணர்வில் தோன்றும் முறையை உள்ளவாறே ஆராய்தல் வேண்டும் என்பது இவர் துணிபு. 1900-1901-ல் வெளிவந்த தர்க்க ஆராய்ச்சிகள் என்னும் நூல் இத்துறைக்கு அடிகோலிற்று.

ஹுஸ்ஸர்ல் எழுதிக்கொண்டே சிந்திக்கும் இயல்பினர். எண்ணத்தின் வேகத்திற்குக் கை ஈடுகொடுக்கும்பொருட்டு, காபெல்ஸ்பெர்கர் என்பார் வகுத்த சுருக்கெழுத்தைக் கையாண்டார். அச்சேறியவை சில, மேசையில் குவிந்தவையோ பல.

1916-ல் இவருடைய இளைய குமாரர் வெர்டன் போர்க்களத்தில் ஜெர்மனிக்காக உயிர்நீத்தார். ஆயினும், 1933-ல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும், யூதராய்ப் பிறந்தமை ஒன்றையே குற்றமாகக் கொண்டு, இவரைச் சர்வகலாசாலையினின்றும் விலக்கிவைக்கும் ஆணை பிறந்தது. மகனை இழந்த தியாகமும் உதவவில்லை. பெற்ற ஞானஸ்நானமும் உதவவில்லை. முதியவர் எழுதுவதை மட்டும் விடவில்லை. 1935-ல் வியன்னாவிலும் பிராக் நகரிலும் ஐரோப்பிய அறிவுலகத்திற்கு நேர்ந்த நெருக்கடியைக் குறித்துச் சொற்பொழிவாற்றினார். 1938 ஏப்ரல் 27-ஆம் தேதி தமது 79-ஆம் வயதில் காலமானார்.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் வான் பிரேடா என்னும் பெல்ஜிய நாட்டுப் பிரான்சிஸ்கன் துறவி தமது ஆராய்ச்சிக்குக் குறிப்புத் தேடி பிரைபர்க் வந்தார். அவருக்கு வயது 27. ஹுஸ்ஸர்லின் மனைவியார் மால்வினே காட்டிய ஏடுகள் சுமார் 40,000 பக்கங்கள். அவை நாஜிகள் கையிற் சிக்கின் அழிவது திண்ணம் என்றுணர்ந்த அவ்விளைஞர், பெர்லினிலிருந்த பெல்ஜிய ஸ்தானிகராலயத்தின் துணைகொண்டு, சோதனைக்கு உட்படாத அரசாங்கப் பொதிகளாக அவற்றை அவ்வாண்டு முடியுமுன்பே லூவேன் சர்வகலாசாலைக்குக் கொணர்வித்தார். அங்கே ஹுஸ்ஸர்ல் ஏட்டகம் நிறுவப்பட்டது. மால்வினே அம்மையாரும் 1939-ல் பெல்ஜியம் சேர்ந்து, யுத்தம் முடியும்வரை ஒரு கன்னியர் மடத்தில் மறைந்து வாழ்ந்தார். 1940 மே மாதப் போரில் லூவேன் சர்வகலாசாலை நூல்நிலையம் எரிந்து சாம்பலாயிற்று, ஏடுகளோ தப்பின.

ஆயினும் காப்பாற்றிய ஏடு படிக்கப்படாவிடிற் பயன் என்னை? அச்சுருக்கெழுத்தைப் படிக்கவல்லார் மிகச் சிலரே. ஹுஸ்ஸர்லிடம் உதவியாளராயிருந்த பிங்க், லாண்ட்கிரேபே என்னும் இருவர் 1939-ல் லூவேன் வந்து, கோடு கோடாக ஆய்ந்து பெயர்த்தெழுதத் தொடங்கினர். பிறரும் அப்பணியைத் தொடர்ந்தனர். முதல் தொகுதி 1950-ல் வெளிவந்தது. இதுகாறும் 40-க்கு மேற்பட்ட தொகுதிகள் வெளிவந்துள்ளன. பிரைபர்க், கொலோன் முதலிய நகரங்களிலும் ஏட்டகங்கள் எழுந்தன. விலக்கப்பட்டவரின் எழுத்து, விலக்கிய ஊரிலேயே மீண்டும் பயிலப்படலாயிற்று.

மாணவ நண்பர்களே, ஆராய்ச்சி என்பது புதியது காண்டல் மட்டுமன்று. பிறர் கண்டதைக் காத்தலும், பிழையறப் படித்தலும், பின்வருவார்க்கு ஒப்புவித்தலும் ஆராய்ச்சியே. பெயர்த்தெழுதினோர் பெயரை உலகம் பெரிதும் அறியாது. எனினும் அவர்தம் பொறுமை இன்றேல், ஹுஸ்ஸர்லின் சிந்தனையிற் பெரும்பகுதி எவரும் படிக்கவியலாத கோடுகளாகவே நின்றிருக்கும்.