பயனுக்கு அழகூட்டிய பொறியாளர்

அருங்காட்சியகம் என்றால் ஓவியங்களையும் சிலைகளையும் புகழ்வது உலக வழக்கம். பார்க்க வந்தவர் பசியாறும் கூடத்தையும், ஏறி இறங்கும் படிக்கட்டையும் யார் நினைக்கிறார்கள்? அவற்றை நினைத்த ஒருவரின் வாழ்வை ஈண்டு எழுத விழைகிறேன். அவர் கேப்டன் பிரான்சிஸ் ஃபோக்.

1823-ல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகருக்கருகே பிறந்த ஃபோக், ஆங்கிலேய இராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்தார். இலண்டனில் 1857-ல் திறக்கப்பட்ட தென் கென்சிங்டன் அருங்காட்சியகமே அவருடைய பணிக்களமாயிற்று. 1899-ல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் எனப் பெயர் மாறியது அதுவே.

பகலெல்லாம் உழைக்கும் தொழிலாளி கலையைக் காண்பது எப்போது? மாலையில்தானே! அதன் தலைவர் ஹென்றி கோலின் இவ்வெண்ணத்திற்கு ஃபோக் உருக்கொடுத்தார். ஓவியக் கூடங்களில் எரிவாயு விளக்குகளைப் பொருத்தினார். புகையும் வெப்பமும் ஓவியங்களைக் கெடுக்கும் என்று பலர் அஞ்சினர். நல்ல காற்றோட்டம் இருந்தால் தீங்கில்லை என்று, ஃபாரடே இடம்பெற்ற அறிஞர் குழு 1859-ல் தெளிவுபடுத்தியது.

அடுத்து உணவுக் கூடம். ஃபோக் கட்டடத்தை வகுக்க, காட்ஃபிரே சைக்ஸ் அலங்காரத்தை வகுத்தார். சுவரிலும் தூணிலும் பளபளக்கும் சுட்டமண் ஓடுகள். கூரையில் மெருகு பூசிய இரும்புத் தகடுகள். வெறும் ஆடம்பரமா இது? அன்று! ஓடுகளை எளிதில் கழுவலாம். இரும்புத் தகடு தீப்பற்றாது. தேவையே அங்கு அழகாய் மலர்ந்தது. அருகிலுள்ள அறைகளில் ஒன்றை வில்லியம் மாரிஸின் நிறுவனம் அணிசெய்தது. மற்றோர் அறையின் நீல ஓடுகளுக்கு வண்ணம் தீட்டியோர் கலைப்பள்ளி மாணவியர் என்பதை நம் கல்லூரித் தோழியர் அறிந்தால் மகிழ்வர்.

புகழ் மட்டுமே அவருக்குக் கிட்டிவிடவில்லை. 1862-ஆம் ஆண்டுக் கண்காட்சிக்கு அவர் எழுப்பிய மாபெரும் மண்டபத்தை அழகற்றதென்று பலர் எள்ளினர். அதை விலைக்கு வாங்கப் பாராளுமன்றம் மறுத்தது, மண்டபம் இடிக்கப்பட்டது. எனினும் அவர் சோர்ந்திலர். ஆல்பர்ட் மண்டபத்திற்கும் வரைபடம் வகுத்தார். ஆனால் 1865 டிசம்பரில், 42-ஆம் வயதில், காலன் அவரைக் கவர்ந்தான். மறு ஆண்டே சைக்ஸும் மறைந்தார். மற்றவர்கள் முடித்து வைத்த உணவுக் கூடத்தைக் காண இருவருக்கும் கொடுத்து வைக்கவில்லை.

இடையில் மூடப்பட்டுக் கிடந்த அக்கூடங்கள் 2006-ல் மீண்டும் உணவகமாயின. எள்ளப்பட்ட மாமண்டபம் மறைந்தது; எளியோர் பசியாற வகுத்த கூடம் நிற்கிறது. பொதுமக்கள் புழங்கும் இடமும் கலைக்கு உரிய இடமே என்பதுதான் ஃபோக்கின் வாழ்வில் நான் கற்ற பாடம். நாளை பொறியாளராகவும் அதிகாரியாகவும் பொறுப்பேற்கவிருக்கும் நண்பர்களே, பேருந்து நிலையமோ மருத்துவமனையோ கட்ட நேர்ந்தால் இம்மனிதரைச் சற்று எண்ணிப் பாருங்கள்!