கலீனா கல்லும் கல்கத்தா பேராசிரியரும்

டிரான்சிஸ்டர் என்றதும் 1947, பெல் ஆய்வகம், பார்டீன், பிராட்டன், ஷாக்லி என்று வைவாவில் மடமடவென ஒப்பித்துவிடுவோம். அதற்கு 46 வருடம் முன்னாடியே ஒரு குறைகடத்தியை வைத்து ரேடியோ அலையைப் பிடித்து, காப்புரிமைக்கும் மனுப் போட்டவர் நம் நாட்டுக்காரர். அவர்தான் ஜகதீஷ் சந்திர போஸ்.

1858 நவம்பர் 30-ல் வங்காளத்து மைமன்சிங்கில் பிறந்தார். அப்பா அரசு அதிகாரி. ஆனாலும் மகனை முதலில் தாய்மொழிப் பள்ளியில்தான் சேர்த்தார். (தமிழ் மீடியத்திலிருந்து வந்து முதல் செமஸ்டரில் முழித்த எனக்கு இதைப் படித்ததும் ஒரு தெம்பு!) கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பி, 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். இந்தியர் என்பதால் வெள்ளைக்காரப் பேராசிரியரைவிடச் சம்பளம் குறைவு. போஸ் சண்டை போடவில்லை. தினமும் பாடம் நடத்தினார், சம்பளத்தை மட்டும் கையால் தொடவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, மூன்று வருடம்! எங்கள் வீட்டில் அப்பாவுக்கு மூன்று நாள் கூலி இல்லையென்றாலே அடுப்பு எரியாது. அவர் வீட்டிலும் அப்போது கடன் இருந்தது. கடைசியில் அரசாங்கம் இறங்கி வந்து முழுச் சம்பளத்தையும் பாக்கியோடு கொடுத்தது. அந்தப் பணம் அப்பாவின் கடனுக்குப் போனது.

வசதியான ஆய்வகம் கிடையாது. ஒரு தகரவேலைக்காரரைக் கூட வைத்துக்கொண்டு கருவிகளைத் தானே செய்தார். 1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் கம்பியே இல்லாமல் சுவரைத் தாண்டி மணி அடிக்க வைத்தார், வெடிமருந்தையும் வெடிக்க வைத்தார். அவர் ஆராய்ந்த அலைகளின் நீளம் வெறும் 5 மில்லிமீட்டர் அளவுக்குக்கூட இருந்தது!

அலையைப் பிடிக்க அந்தக் காலத்தில் இரும்புத்தூள் குழாய்தான். சிக்னல் வந்ததும் தூள் ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொரு தடவையும் தட்டிவிட வேண்டும். போஸ் கலீனா என்ற காரீயத் தாதுக் கல்லில் உலோக முனையைத் தொடவைத்தார். தட்டும் வேலையே இல்லை. நிவேதிதாவும் சாரா புல் அம்மையாரும் வற்புறுத்தியதால்தான் 1901-ல் அமெரிக்காவில் மனுப் போட்டார், 1904-ல் காப்புரிமை கிடைத்தது. அறிவை விற்கக்கூடாது என்று அதை வைத்து அவர் ஒரு காசு சம்பாதிக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவர்மேல் கோபம் உண்டு.

அதே 1904-ல் ஃபிளெமிங்கின் வால்வு வந்தது. பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் வால்வு ராஜ்ஜியம்தான். திருமங்கலத்தில் ஒரு ரிப்பேர் கடை அண்ணன் பழைய வால்வு ரேடியோவைப் போட்டுக் காட்டினார். ஃபிலமென்ட் சூடாகிப் பாட்டு வருவதற்குள் ஒரு டீயே குடித்துவிடலாம். தொட்டால் கை சுடுகிறது. இந்தச் சூடும் கரண்ட் செலவும்தான் விஞ்ஞானிகளை மறுபடி படிகத்தின் பக்கம் திருப்பின. டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பிராட்டனே 1955-ல் குறைகடத்தி வரலாறு எழுதியபோது, ரேடியோ அலையைப் பிடிக்கப் படிகத்தை முதலில் பயன்படுத்தியவர் போஸ் என்று குறிப்பிட்டார்.

அதைப் படிக்கப் போஸ் இல்லை. 1937 நவம்பர் 23-ல் கிரிதியில் காலமாகியிருந்தார். டிரான்சிஸ்டர் பிறக்க அப்போது இன்னும் பத்து வருடம் இருந்தது.