லாலி துரையின் வழக்கு

புதுவை நகரத்தில் லாலி தொலாந்தால் வீதி என ஒன்று உண்டு. அப்பெயருக்குரியவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அயர்லாந்து மரபினரான பிரெஞ்சுப் படைத்தலைவர் லாலி 1702-இல் பிறந்தார். 1758-இல் புதுவை சேர்ந்து, கூடலூரை அடுத்த தேவனாம்பட்டினக் கோட்டையைக் கைப்பற்றினார். வீரரே எனினும் கடுஞ்சினத்தர். தஞ்சைமேற் படையெடுத்தகாலைக் கீழ்வேளூரில் அந்தணர் சிலரை ஒற்றரென ஐயுற்றுப் பீரங்கி வாயிற் கட்டிக் கொல்வித்தார். சென்னை முற்றுகை பயன்படவில்லை. 1760-இல் வந்தவாசியில் தோற்றார். பசியால் நலிந்த புதுவையை 1761 ஜனவரி 16-இல் ஆங்கிலேயர்க்கு ஒப்புவித்தார்.

போர்க்கைதியாய் இங்கிலாந்து சென்ற அவர், தம்மைத் துரோகியெனப் பலர் பழித்தல் கேட்டு, குற்றமின்மையை நாட்டுதற்குத் தாமே பாரீசு திரும்பினார். 1762-இல் பாஸ்டில் சிறையில் அடைக்கப்பட்டார். ஆண்டுகள் பல கழிந்தன. விசாரணையில் வழக்கறிஞர் துணையை வேண்டினார், அது மறுக்கப்பட்டது. பெருங்குற்ற வழக்குகளில் அத்துணையை 1670-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கியிருந்தது. 1766 மே 9-இல், வாய் அடைக்கப்பட்டவராய்ச் சிரச்சேதமுற்றார். அவர் மைந்தரும் பேரறிஞர் வால்டேரும் முயன்றமையால், 1778-இல் அரசவை அத்தீர்ப்பைத் தள்ளிற்று. மாண்டவரோ மீண்டிலர்.

கீழ்வேளூரார்க்கு அவர் அளியாத நீதி அவருக்கும் கிட்டவில்லை. ஆயினும், கொடியர்க்கும் தம் வழக்கை எடுத்துரைக்கத் துணை வேண்டும் என்பதே நம் கருத்து. 1789-இல் பிரான்சு அவ்வுரிமையை வழங்கிற்று. இந்நாள் இந்தியப் படை நீதிமன்றத்தில் நிற்கும் போர்வீரரும் தமக்காக வாதிட ஓர் அதிகாரியையேனும் வழக்கறிஞரையேனும் பெறலாம். இவ்வுரிமை எளிதில் வந்ததன்று என்பதனை நாம் மறவாதிருப்போமாக.