பிரெடரிக் ஒசானாம்: கல்வியும் தொண்டும்

கல்லூரியிற் பயிலும் நம்மிற் பலர், படிக்குங் காலம் படிப்பிற்கே உரியது என்றும், பிறர்க்குத் தொண்டு செய்தல் பட்டம் பெற்றுப் பொருளீட்டத் தொடங்கிய பின்னரே இயலும் என்றும் எண்ணி வருகின்றோம். இவ்வெண்ணத்தை முற்றிலும் பிழையென ஒதுக்கிவிடுதல் எளிதன்று. தேர்வு நாள் நெருங்குங்கால் ஒரு நாழிகையும் நமக்கு அரிதாகவே தோன்றுகின்றது. ஆயினும், சட்டக் கல்வியின் நடுவே, தமக்கு இருபது வயது நிரம்பிய அன்றே, ஏழைகளின் இல்லந்தேடிச் செல்லத் துணிந்த மாணவர் ஒருவர் பாரிஸ் மாநகரில் வாழ்ந்தார். அதனால் அவர் கல்வியிற் பின்தங்கினாருமல்லர். அவரே பிரெஞ்சுப் பேரறிஞர் பிரெடரிக் ஒசானாம் ஆவர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்க நோக்குவாம்.

ஒசானாம் 1813-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 23-ஆம் நாள் இத்தாலியிலுள்ள மிலான் நகரிற் பிறந்தார். அவர் தந்தையார் முன்னர் நெப்போலியனது படையிற் பணிபுரிந்து, பின்னர் மருத்துவரானவர். ஏழை நோயாளர் பலரிடம் பொருள் பெறாமலே மருத்துவம் செய்து வந்தவர். 1816-இல் அக்குடும்பம் பிரான்சு நாட்டு லியோன் நகருக்கு மீண்டது. லியோன் பட்டு நெசவிற்குப் பெயர் போன நகரம். அங்கே நெசவாளர் குறைந்த கூலிக்கு நெடுநேரம் உழைத்து வாடுதலைச் சிறுவர் ஒசானாம் கண்டு வளர்ந்தார். பள்ளியிற் பயின்ற நாளில் சமய நம்பிக்கையைக் குறித்துக் கொடிய ஐயங்கள் அவர் உள்ளத்தை வருத்தின. நுவாரோ என்னும் மெய்ந்நூலாசிரியர், அம்மாணவரைத் தம்முடன் உலாவ அழைத்துச் சென்று உரையாடி, அவர் மனத்தைத் தெளிவித்தார்.

ஒசானாமின் நாட்டமெல்லாம் இலக்கியத்திலும் வரலாற்றிலும் இருந்தது. தந்தையாரோ தம் மகன் சட்டம் பயின்று நீதித்துறையிற் புகுதல் வேண்டுமென விரும்பினார். மகனார் அதற்கிணங்கி, 1831-இல் பாரிஸ் சென்று சட்ட மாணவரானார். ஆனால் இலக்கியத்தையும் கைவிட்டாரில்லை. மின்னோட்டத்தின் அலகிற்கு இன்றும் தம் பெயரை ஈந்து நிற்கும் அறிவியற் பேரறிஞர் ஆம்பியர், இவ்விளைஞரைத் தம் இல்லத்திலேயே தங்க வைத்து மகனெனப் பேணினார். மனந்தளர்ந்து ஒருநாள் ஆலயம் ஒன்றிற் புகுந்த ஒசானாம், அங்கே அப்பெரியார் ஏழை மக்களிடையே முழந்தாளிட்டு வேண்டி நிற்கக் கண்டு, புதுவலிமை பெற்றார் என்பர்.

அக்காலத்துப் பாரிஸ் மாணவர் பலர் சமயத்தைப் பழங்கதையென எள்ளி வந்தனர். ஒசானாமும் நண்பரும், பெய்யி என்னும் பத்திரிகையாசிரியரின் ஆதரவிற் கூடிய சொற்போர்க் கழகத்தில், கிறிஸ்து சமயம் உலகிற்கு ஆற்றிய நன்மைகளை எடுத்து விளக்குவாராயினர். ஒருநாள் எதிர்க்கட்சியைச் சார்ந்த மாணவர் ஒருவர், முன்னோர் செய்த நன்மைகள் கிடக்க, இன்று இந்நகரத்து ஏழைகட்கு நீவிர் செய்வது யாது என வினவினார். ஒசானாம் விடையின்றி நின்றார். வாதத்திற் சொல்லுக்குச் சொல் கூறவல்ல அவர், இவ்வினா நேரியது என்பதை உணர்ந்தார். 1832-இல்தான் கொள்ளை நோயாகிய காலரா பாரிஸில் 18,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்து சென்றிருந்தது. கைம்பெண்களும் தந்தையற்ற மக்களும் நகரெங்கும் நிறைந்திருந்தனர். பகைவர் வினாவைப் பழியெனத் தள்ளாது, பாடமெனக் கொண்டதே அவர்தம் பெருமை.

1833-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், பெய்யியின் பத்திரிகை அலுவலகத்தில் எழுவர் கூடினர். பெய்யி ஒருவர் நீங்க ஏனையோர் யாவரும் மாணவர். அவர்களிடம் செல்வமுமில்லை, பட்டறிவுமில்லை. ஆதலின் மூப்தார் என்னும் வறியோர் வாழ் பகுதியில் நெடுங்காலம் தொண்டாற்றி வந்த ரோசலி என்னும் கன்னியரிடம் வழிகேட்டனர். அவ்வம்மையார் ஏழைக் குடும்பங்களின் பெயர்களைக் குறித்துக் கொடுத்தார். ரொட்டிச் சீட்டுகளையும் கொடுத்துதவினார். எளியோரைக் கடிந்து பேசாது, அவர் குறைகளைப் பொறுமையுடன் கேட்டல் வேண்டுமென்றும் பயிற்றினார்.

அவர்கள் தொண்டு செய்த முறை நாம் ஊன்றி நோக்கற்பாலது. வாரந்தோறும் ஒருமுறை கூடுவர். தம் கைப்பொருளிலிருந்து இயன்ற சிறுதொகையைச் சேர்ப்பர். குடும்பங்களைப் பகிர்ந்துகொண்டு, அவற்றை இல்லஞ்சென்று காண்பர். உதவியைப் பிறர்வழி அனுப்பிவிடுதல் எளிது. ஆனால் அவ்வாறு செய்யின் கொடுப்போனும் கொள்வோனும் ஒருவரையொருவர் அறியார். இருண்ட படிகளில் ஏறி, குளிர்ந்த அறையில் உடனமர்ந்து உரையாடும்போதே வறுமையின் காரணம் விளங்கும். குழந்தைக்கு எழுத்துக் கற்பித்தல், வேலையற்றவனுக்கு வேலை தேடித் தருதல் ஆகியவையும் இத்தொண்டுள் அடங்கின. கூட்டமும் இல்லந்தேடிச் செல்லுதலும் வாரத்திற் சில மணி நேரமே கொண்டமையின், கல்வி கெடவில்லை. பெருந்தொண்டை ஒருநாளிற் செய்து ஓய்தலினும், சிறுதொண்டை விடாது செய்தலையே அவர்கள் விரும்பினர்.

இச்சிறு குழு 1834-ஆம் ஆண்டின் இறுதிக்குள் நூறு பேரைக் கடந்தது. அதனைப் பல கிளைகளாகப் பிரித்தல் வேண்டுமென ஒசானாம் கூறியபோது, நட்புக் குலையுமே என அஞ்சிப் பலர் மறுத்தனர். ஆயினும் பிரிந்தமையாலேயே அது வளர்ந்தது. புனித வின்சென்ட் தே பவுல் சபை என இன்று பல நாடுகளிலும், நம் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பங்குகள் பலவற்றிலும் ஏழையர் இல்லந்தேடிச் செல்லும் சபை இதுவேயாகும்.

இனி அவர்தம் கல்வியை நோக்குவோம். 1836-இல் சட்டத்திலும், 1839-இல் தாந்தே என்னும் இத்தாலியப் பெருங்கவிஞரைப் பற்றிய ஆராய்ச்சிக்காக இலக்கியத்திலும் டாக்டர் பட்டம் பெற்றார். இதற்கிடையே 1837-இல், ஏழை நோயாளியைக் காணச் சென்ற தந்தையார் படியினின்று வீழ்ந்து உயிர் நீத்தார். குடும்பச் சுமையும் ஒசானாமைச் சார்ந்தது. லியோனில் வாணிகச் சட்டம் கற்பித்த காலத்தில், தொழிலாளிக்கு உரிய கூலி யாது, அவனை வெறுங்கருவியென நடத்துதல் எங்ஙனம் தீது என்பனவற்றையும் தம் பாடத்திற் சேர்த்து விளக்கினார். ஏழையர் இல்லத்திற் கண்டது வகுப்பறையிற் பாடமாயிற்று. ஈகை மட்டும் போதாது, நீதியும் வேண்டும் என்னும் தெளிவு இவ்விரண்டும் கூடியதன் பயனேயாம். 1840-இல் கடுமையான போட்டித் தேர்வில் முதலிடம் பெற்று, சொர்போன் பல்கலைக்கழகத்தில் அயல்நாட்டு இலக்கியம் கற்பிக்கலானார். 1844-இல் முழுப் பேராசிரியரானார்.

1848-இல் பாரிஸ் நகரத் தெருக்களில் உள்நாட்டுப் போர் மூண்டபோது, ஒசானாமும் நண்பர் இருவரும் பேராயர் அஃப்ரை அணுகி, இருதிறத்தாரிடையே சமாதானம் பேசுமாறு வேண்டினர். இசைந்து சென்ற பேராயர், குண்டு பாய்ந்து உயிர் துறந்தார். அத்துயரம் ஒசானாமை நெடிது வருத்தியது. உடல்நலங் குன்றிய பின்னரும் அவர் பணி விட்டாரல்லர். 1852-இல் காய்ச்சலோடு கிடந்தவர், மாணவர் காத்திருக்கின்றனர் எனக் கேட்டு எழுந்து சென்று விரிவுரை நிகழ்த்தினார். அதுவே அவர்தம் இறுதி விரிவுரையாயிற்று. 1853-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் மார்செய் நகரில், நாற்பதாம் வயதில், மனைவியையும் இளமகளையும் விட்டு மறைந்தார். 1997-இல் பாரிஸ் நகரில், உலக இளைஞர் பலர் கூடிய நாட்களில், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்னும் பட்டத்தை வழங்கினார்.

நண்பர்காள்! இதனை எழுதும் யானும், விடுதிக்கு அண்மையிலுள்ள குடிசைப் பகுதிச் சிறார்க்கு ஞாயிறு மாலையிற் பாடஞ் சொல்லும் குழுவிற் பெயர் கொடுத்து, தேர்வைக் காட்டிப் பன்முறை செல்லாதிருந்தவனே. அம்மாலைகளில் யான் படித்ததும் மிகுதியன்று என்பதை ஒளிக்காது கூறுகின்றேன். நமக்குக் குறைவது பொழுதன்று, ஒழுங்கும் மனமுமேயாம். ஒசானாமை நோக்கி ஒரு மாணவர் வினவிய வினா இன்று நம்மையும் நோக்கி நிற்கின்றது. அதற்கு விடை எழுதுதற்குரிய இடம் தேர்வுத்தாளன்று; நம் கல்லூரி மதிலுக்கு அப்பாலுள்ள தெருவேயாகும்.