கிட்டார் மரம் தேடப் போய்ச் சந்தித்த சி.வி.இராமன்

சென்ற ஆண்டு இறுதியில் ஜார்ஜ்டவுனில் ஓர் இசைக்கருவிக் கடைக்குள் நுழைந்தேன். எட்டு மாதப் பகுதி நேர வேலையில் சேர்த்த பணம் கையில் இருந்தது. ஒரே அளவில், ஒரே வடிவில் இரண்டு கிட்டார்கள் சுவரில் தொங்கின. இரண்டுக்கும் மேற்பலகை ஸ்ப்ரூஸ் மரம்தான். ஒன்றின் பின்பலகையும் பக்கப்பலகையும் வால்நட். மற்றொன்றில் அவை ரோஸ்வுட், அதாவது தமிழ்நாட்டுத் தச்சர்கள் ஈட்டி என்று அழைக்கும் மரம். ரோஸ்வுட் கிட்டாரின் விலை எழுநூறு வெள்ளி அதிகம். அந்த எழுநூறு வெள்ளிக்கு என் காதுக்கு என்ன கிடைக்கும் என்பதுதான் கேள்வி. விடை தெரியாமல் வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்பினேன்.

அடுத்த சில வாரங்கள் மரங்களைப் பற்றியே படித்தேன். இந்திய ரோஸ்வுட் கனமானது. ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 830 கிலோ. மேப்பிள் சுமார் 700 கிலோ. வால்நட் 610, மகோகனி 590 என்று அருகருகே நிற்கின்றன. ரோஸ்வுட் கிட்டாரில் அடி ஓசை ஆழமாகவும் உச்ச ஓசை மணி அடித்ததுபோலவும் இருக்கும் என்று வாசிப்பவர்கள் சொல்கிறார்கள். மகோகனி உலர்ந்த, இதமான ஓசையாம். மேப்பிள் பளிச்சென்று எழுந்து சட்டென்று அடங்குமாம். வால்நட்டை இவற்றுக்கு நடுவில் எங்கோ வைக்கிறார்கள். படிக்கப் படிக்க, உணவக விமர்சனம் படிப்பதுபோல்தான் இருந்தது. ஏன் அப்படி ஒலிக்கிறது என்று யாரும் எனக்குப் புரியும்படி சொல்லவில்லை.

பட்டர்வொர்த்தில் இருக்கும் என் சித்தி வீணை வாசிப்பவர். அவரிடம் கேட்டேன். வீணைக்குப் பலா மரம்தான், அதில் பேச்சே இல்லை என்றார். குடம், தண்டி எல்லாவற்றையும் ஒரே பலா மரத்தில் குடைந்து செய்தால் அதற்கு ஏகாண்ட வீணை என்று பெயர். மிருதங்கமும் பலா, கோயிலில் கேட்கும் தவிலும் பலா. மலாய்க்காரர்களின் காம்புஸைக்கூடப் பலா மரத்தில் குடைவதுண்டு. ஆனால் வீணையின் ஓசை சரியில்லை என்றால் சித்தி மரத்தைப் பார்ப்பதில்லை, குதிரையைப் பார்ப்பார். தந்திகள் ஏறிச் செல்லும் அந்தச் சின்னத் தாங்கியைத்தான் குதிரை என்கிறோம். அதன்மேல் உள்ள உலோகத் தகட்டின் வளைவு கொஞ்சம் மாறினாலும் வீணை வேறு குரலில் பேசுமாம்.

சரி, குதிரையைப் பற்றித் தேடுவோம் என்று இறங்கியபோது 1921இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை கிடைத்தது. இந்தியத் தந்திக் கருவிகள் சிலவற்றைப் பற்றியது. எழுதியவர் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்: சி.வி.இராமன்.

தமிழ்ப்பள்ளியில் நாம் எல்லாரும் படித்த இராமன்தான். கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்டவர், நோபல் பரிசு பெற்ற தமிழர். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒளியைப் பிடிப்பதற்கு முன்னால் அவர் பத்தாண்டுகளுக்கும் மேலாக வயலின், வீணை, தம்புரா, மிருதங்கம் என்று கருவிகளோடு வாழ்ந்தவர் என்பதை எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லவில்லை.

சந்திரசேகர வெங்கட ராமன் 1888 நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். அப்பா கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர். வயலின் வாசிக்கத் தெரிந்தவர். அவருக்கு விசாகப்பட்டினத்தில் வேலை கிடைக்கவே குடும்பம் அங்கே குடியேறியது. சிறுவன் இராமன் படிப்பில் ஓடவில்லை, பறந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் 1904இல் இளங்கலையில் முதலிடம் பெற்றபோது வயது பதினாறுகூட ஆகவில்லை. 1906இல், முதுகலை மாணவராக இருக்கும்போதே, லண்டனிலிருந்து வந்த புகழ்பெற்ற அறிவியல் இதழில் அவருடைய முதல் கட்டுரை அச்சானது. நான் அந்த வயதில் எஸ்.பி.எம். முடிவுக்காக நகம் கடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் காலத்தில் அவர் கையில் சிக்கிய ஒரு நூல் அவரைக் கடைசிவரை விடவில்லை. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் இசை ஒலியையும் செவியையும் பற்றி எழுதியது அது. தம்மை உருவாக்கிய மூன்று நூல்களில் ஒன்றாக இராமன் பிற்காலத்தில் அதைக் குறிப்பிட்டார்.

ஆனால் அறிவியலைத் தொழிலாக்கிக்கொள்ள அன்று ஓர் இந்திய இளைஞருக்கு வழி குறைவு. 1907இல் நிதித்துறைத் தேர்வில் முதலிடம் பெற்றுக் கல்கத்தாவில் அரசு அதிகாரியானார். அதே ஆண்டு லோகசுந்தரியை மணந்தார். அவர் வீணை வாசிப்பவர். வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் இராமன் அவரை முதலில் பார்த்தார் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ இல்லையோ, இராமன் வீட்டில் ஒரு வீணை இருந்தது என்பது என் கதைக்கு முக்கியம்.

கல்கத்தாவில் பௌபஜார் தெருவில் ஒரு கட்டடம். மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876இல் தொடங்கிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் அது. கூடமும் கருவிகளும் இருந்தன. ஆராய்ச்சி செய்யத்தான் ஆளில்லை. டிராமில் போகும்போது பெயர்ப்பலகையைப் பார்த்து உள்ளே போன இராமன் அதன்பிறகு வெளியே வரவே இல்லை எனலாம். காலையில் ஆய்வுக்கூடம், பகலில் அரசாங்கக் கணக்கு, மாலையில் மறுபடியும் ஆய்வுக்கூடம். ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றலாகிப் போன சில காலம் தவிரப் பத்தாண்டுகள் இப்படியே ஓடின. அங்கே அவருக்குக் கிடைத்த உதவியாளர் ஆசுதோஷ் டே என்ற ஒருவர் மட்டுமே.

அந்த இருட்டு நேரங்களில் அவர் எடுத்துக்கொண்டது தந்தி. 1909இல் ஒற்றைத் தந்திக் கருவியான ஏக்தாராவைப் பற்றி எழுதினார். பிறகு வயலின். வில் உராயும்போது தந்தி எப்படி அசைகிறது, அந்த அசைவு குதிரை வழியாக மரப் பலகைக்கு எப்படி இறங்குகிறது என்று புகைப்படம் எடுத்துப் பார்த்தார். செல்லோ வாசிப்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. குறிப்பிட்ட ஒரு சுரத்தில் மட்டும் கருவி ஊளையிடும். அதை ஓநாய்ச் சுரம் என்பார்கள். தந்தியின் சுரமும் மரப்பெட்டியின் இயல்பான அதிர்வும் ஒரே இடத்தில் மோதுவதால் அது வருகிறது. மரம் தந்தியின் சக்தியை உறிஞ்சுகிறது, தந்தி தடுமாறுகிறது, மீண்டும் எழுகிறது, மீண்டும் உறிஞ்சப்படுகிறது. 1916இல் இராமன் இதை விளக்கினார்.

எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய இயந்திர வயலின்தான். மனிதக் கை வில்லை ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தத்தில், ஒரே வேகத்தில் இழுக்காது. ஆகவே அவர் வில்லை அசையாமல் நிறுத்திவிட்டு வயலினையே முன்னும் பின்னும் ஓடவிட்டார். எந்தச் சுரத்துக்கு எவ்வளவு அழுத்தம் தேவை என்று அளந்தார். பெட்டி தானாக எளிதில் அதிரும் சுரங்களில் அழுத்தம் கூடுதலாக வேண்டியிருந்தது. ஓநாய்ச் சுரத்தில் கேட்ட அதே சண்டையை இங்கே எண்ணாக அளந்துவிட்டார். மரம் சும்மா இருக்கும் பெட்டி அல்ல, தந்தியோடு கொடுக்கல் வாங்கல் செய்யும் ஆள் என்று எனக்கு அங்கேதான் புரிந்தது.

இதற்கிடையில் 1917இல் அவர் எடுத்த முடிவை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்குகிறது. கல்கத்தா பல்கலைக்கழகத்தின் ஆசுதோஷ் முகர்ஜி அவரை இயற்பியல் பேராசிரியராக அழைத்தார். சம்பளம் அரசு வேலையில் கிடைத்ததில் ஏறக்குறைய பாதி. வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று ஒரு விதி வேறு இருந்தது. அதற்காகப் போக மாட்டேன் என்று இராமன் மறுத்துவிட்டார். விதி வளைந்தது, அவர் சேர்ந்தார்.

இப்போது குதிரைக்கு வருகிறேன். ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடம் அசையாமல் நிற்க வேண்டிய மேற்சுரங்கள் எழக்கூடாது என்பது ஐரோப்பியர் வகுத்த விதி. நடுவில் மீட்டினால் இரண்டாவது, நான்காவது மேற்சுரங்கள் வராது. தம்புராவிலும் வீணையிலும் இராமன் சோதித்தார். வரக்கூடாதவை வந்தன, அதுவும் வலுவாக வந்தன. காரணம் குதிரை. கிட்டாரிலும் வயலினிலும் தந்தி ஒரு கூரான விளிம்பில் நிற்கிறது. தம்புராவில் அகலமான வளைந்த பரப்பில் படுத்திருக்கிறது. இடையில் ஒரு நூலும் செருகியிருக்கும். அதிரும் ஒவ்வொரு முறையும் தந்தி அந்தப் பரப்பைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. அந்தத் தொடுதல்தான் மேற்சுரங்களை மறுபடி மறுபடி எழுப்புகிறது. வீணையில் நூல் இல்லை. தகட்டின் வளைவே அந்த வேலையைச் செய்கிறது. சித்தி சொன்னது சரிதான்!

1920இல் மிருதங்கத்தைப் பற்றி மாணவர் குமாரோடு சேர்ந்து எழுதியிருந்தார். சாதாரணத் தோலை அடித்தால் அடுத்த ஓசை அடிச்சுரத்தைப்போல் 1.59 மடங்கு, எந்தச் சுரவரிசையிலும் ஒட்டாது. அதனால்தான் பறை வகைகள் வெறும் ஓசை எழுப்புபவை என்று மேலைநாட்டு நூல்கள் தள்ளி வைத்திருந்தன. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே கறுப்பாக ஒரு கரணை இருக்கிறதே, அது தோலின் எடையை மாற்றி, மேற்சுரங்களை இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து மடங்கு என்று ஒழுங்குக்குள் கொண்டுவருகிறது. தோலின்மேல் மணல் தூவி, அது ஒதுங்கி நிற்கும் கோலங்களைப் பார்த்து இராமன் இதை நிறுவினார். நம் ஊர்க் கைவினைஞர்கள் எந்தச் சமன்பாடும் இல்லாமல் காதால் எட்டிய இடம் அது. 1927இல் ஜெர்மனியில் வெளிவந்த மாபெரும் இயற்பியல் கையேட்டில் இசைக்கருவிகள் பற்றிய பகுதியை எழுதும் பொறுப்பும் இராமனிடம் வந்தது.

பின்னால் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். 1921இல் இங்கிலாந்து போய்க் கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. 1928 பிப்ரவரி 28இல் இராமன் விளைவு, 1930இல் நோபல். உடன் உழைத்த கே.எஸ்.கிருஷ்ணனின் பெயரை நாம் போதிய அளவு சொல்வதில்லை.

இன்னொன்றையும் ஒரு மாணவியாக நான் விட்டுவிட முடியாது. 1933இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானபோது, கமலா சொஹோனி என்ற மாணவிக்குப் பெண் என்பதற்காகவே அவர் இடம் மறுத்தார். கமலா விடவில்லை. ஓராண்டு சோதனைக் காலம் என்ற நிபந்தனையோடு உள்ளே போய், தம் வேலையால் அவரை மாற்றினார். பிறகு கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டமும் பெற்றார். தம்புராவின் நுட்பத்தைக் கேட்ட காது அன்று ஏன் இதைக் கேட்கவில்லை என்று எனக்கு இன்னும் ஆற்றாமைதான்.

1934இல் மிருதங்கத்துக்கு மீண்டும் வந்து விரிவாக எழுதினார். 1948இல் பெங்களூரில் தம் பெயரில் ஓர் ஆய்வு நிலையம் அமைத்தார். 1954இல் பாரத ரத்னா. 1970 நவம்பர் 21இல் மறைந்தார். அவர் உடல் அந்த நிலையத்துத் தோட்டத்திலேயே எரியூட்டப்பட்டது. அந்த இடத்தில் ஒரு மரம் நிற்கிறது.

என் எழுநூறு வெள்ளிக்கு வருகிறேன். இராமனைப் போலவே சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்பெயினின் அந்தோனியோ தெ தோரெஸ் என்ற கிட்டார் தச்சர் 1862இல் பின்பலகையும் பக்கப்பலகையும் காகிதக் கூழில் செய்து, மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தில் வைத்துக் காட்டினார். 2018இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆறு கிட்டார்களை எடுத்துக்கொண்டார்கள். மற்ற எல்லாம் இயன்றவரை ஒன்றுபோல். பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மகோகனி, மேப்பிள், சாப்பெலே, வால்நட். மங்கலான அறையில் பற்றவைப்பவர்கள் அணியும் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 52 பேர் வாசித்துப் பார்த்தார்கள். மதிப்பெண்களில் பெரிய வேறுபாடு இல்லை. மரத்தை மாற்றி மாற்றிக் கேட்டபோதும் பிரித்துச் சொல்ல மிகவும் தடுமாறினார்கள்.

அரிய மரங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கை 2017 முதல் ரோஸ்வுட் இனம் முழுவதையும் தன் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல்தான் விலக்கு கிடைத்தது. அதையும் சேர்த்து யோசித்து வால்நட் கிட்டாரையே வாங்கினேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மீட்டினால் மூன்றாவது தந்தி மட்டும் சிதார்போல் இழுத்துக் கரகரத்தது. தந்திகள் அமரும் எலும்புத் துண்டின் விளிம்பு அந்த ஓர் இடத்தில் மட்டும் தட்டையாகத் தேய்க்கப்பட்டிருந்தது. தம்புராவில் வேண்டி வேண்டி உண்டாக்கும் அதே ஓசை, கிட்டாரில் பழுது. பழுதுபார்ப்பவர் இருபது வெள்ளி வாங்கிக்கொண்டு அரத்தால் அந்த விளிம்பைச் சரிசெய்தார். சித்தி அடுத்த வாரம் வந்து வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அந்தக் கரகரப்பை அப்படியே விட்டிருக்கலாமே என்றார்.